புளி போடாத வின்செஸ்டர்

வின்செஸ்டர் 1866 மாடல் ரைஃபிளின் நடுச்சட்டம் மஞ்சள் நிறம். அமெரிக்கர்கள் அதற்கு ‘யெல்லோ பாய்’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் பித்தளை என்பார்கள். செம்பில் வெள்ளீயமும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்து வார்த்த பீரங்கி உலோகம் அது. கிட்டத்தட்ட நம் வெண்கலம். எங்கள் குடும்பம் பழனியில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டிப் பிழைத்த குடும்பம். ஆகையால் நியூ ஹேவன் நகரத்தில் ஒரு ஜெர்மன்காரர் இந்த உலோகத்தில் உளி வைத்தபோது அது எப்படிக் கொடுத்திருக்கும், எங்கே மல்லுக்கு நின்றிருக்கும் என்பது என் கைக்குத் தெரியும். அமெரிக்கப் பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் நடுவில் எனக்கு இருக்கும் ஒரே மூலதனம் இதுதான். பணத்தில் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

பழனியை அடுத்த ஆயக்குடிப் பையன் ஒருவனுக்கு வின்செஸ்டர் எப்படி அறிமுகமானது என்று கேட்பவர்களுக்கு என் தலைமுறை ஆள் யாரும் பதில் சொல்லிவிடுவார்: சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். டெக்ஸ் வில்லர் இடுப்பு உயரத்திலிருந்தே சுடும் அந்த நெம்புகோல் துப்பாக்கியைப் பழனி பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையில் நின்றுகொண்டே பார்த்து முடித்திருக்கிறோம். ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்த ‘கங்கா’ படம் அதற்கும் முன்னால், 1972-ல். அதெல்லாம் ஆசை. விஷயம் பிடிபட்டது பிறகுதான். டூல் அண்ட் டை படித்து, கொலராடோவில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலைக்குப் போனபின், டென்வரில் நடந்த பழந்துப்பாக்கிக் கண்காட்சியில் ஒரு யெல்லோ பாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சட்டத்தின் இடது பக்கத்தில் ஒரு மான். அதைச் சுற்றிக் கொடிக்கருக்கு. கொடி வளையும் இடத்தில் வெட்டின் உள்ளே படிப்படியாக நுணுக்கமான தழும்புகள். சுத்தியலால் உளியின் தலையைத் தட்டித் தட்டி நகர்த்தினால் மட்டுமே விழும் தழும்பு அது. கையால் தள்ளி வெட்டினால் வெட்டு வழவழவென்று ஒரே ஓட்டமாக இருக்கும். அப்பா குடத்தில் ‘ரா’ போடும்போது காலின் வளைவில் இதே தழும்பு விழும்.

1898-ஆம் ஆண்டுக்குள் செய்த துப்பாக்கியை அமெரிக்க மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே பார்க்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது. மாகாணச் சட்டங்கள் வேறு மாதிரி இருக்கலாம், அதை அங்கங்கே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் திரும்பியபோது என்னிடம் இருந்தவற்றை அங்கேயே மகனிடம் விட்டுவிட்டு வந்தேன். இந்தியாவுக்குள் கொண்டுவருவதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆயக்குடி வீட்டில் இருப்பவை புகைப்படங்கள், வெட்டு வேலையின் படிகள், பழைய கேட்லாக்குகள், ஒரு நல்ல பூதக்கண்ணாடி.

இந்தத் துப்பாக்கிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலிவர் வின்செஸ்டர் துப்பாக்கிக்காரர் அல்ல, சட்டை தைத்து விற்ற முதலாளி. நொடித்துப்போன வோல்கானிக் என்ற கம்பெனியில் பணம் போட்டு மாட்டிக்கொண்டவர். அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860 அக்டோபர் 16-ல் காப்புரிமை வாங்கிய ரைஃபிள்தான் எல்லாவற்றுக்கும் மூலம். குழாயின் கீழ் இன்னொரு குழாய்; அதில் 16 தோட்டா. பிடிக்கு அடியில் இருக்கும் வளையத்தை முன்னால் தள்ளினால் உள்ளே இரண்டு இணைப்புத் தண்டுகள் முழங்கால் மாதிரி மடங்கும். வெடித்த கூடு வெளியே தெறிக்கும். பின்னால் இழுத்தால் முழங்கால் நிமிர்ந்து புதுத் தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் தங்கப் பூச்சும் சித்திர வேலையுமாக ஒரு ஹென்றியைச் செய்து ஆபிரகாம் லிங்கனுக்குக் கொடுத்தார்கள். வரிசை எண் 6. இப்போது ஸ்மித்சோனியனில் இருக்கிறது. ஹென்றியில் தோட்டாவைக் குழாயின் முன்பக்கமாகப் போட வேண்டும். அதை மாற்றிப் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வைத்தது நெல்சன் கிங். அந்தக் கதவோடு வந்ததுதான் 1866. பிறகு இரும்புச் சட்டத்தோடு 1873, அதன்பின் 1876, 1886, 1894. கடைசி இரண்டும் ஜான் பிரௌனிங் வடிவமைத்தவை. அதே பிரௌனிங்கின் பெயர் தாங்கி பெல்ஜியத்தில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கியைத்தான் 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஏந்தியிருந்தார். அமெரிக்க நண்பர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

இனி சித்திர வேலைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் கம்பெனியில் சாதாரண ரைஃபிள் ஒரு விலை. கூடக் கொடுத்தால் வெட்டு வேலை. எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு கொடி, அவ்வளவு மிருகம். வெட்டியவர்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். கான்ராட், ஜான், ஹெர்மன் என்று உல்ரிச் சகோதரர்கள் மூன்று பேர். கோல்ட் (Colt) துப்பாக்கிக் கம்பெனிக்கும் வின்செஸ்டருக்கும் உழைத்த குடும்பம். நியூயார்க்கில் தனிப் பட்டறை வைத்திருந்தவர் எல். டி. நிம்ஷ்கே (1832–1904). பொலிவியாவின் அதிபர் மெல்காரெஹோவுக்குப் போன 1866 ரைஃபிள் நிம்ஷ்கே வெட்டியது. இவர்கள் எல்லாருக்கும் கை வேறு. நிம்ஷ்கேயின் கொடி அகலமானது, இலையின் நுனி அலட்சியமாகச் சுருளும். பின்புலம் முழுக்கப் புள்ளிக்குத்து. ஜான் உல்ரிச்சின் கொடி இறுக்கம். ஆனால் மிருகம் வரைவதில் ஜானுக்கு ஈடில்லை. அவருடைய காட்டெருமைக்கு எடை இருக்கும். நிற்கும் நிலம் அமுங்குவது தெரியும். மற்றச் சிலர் வெட்டிய கரடிகளைப் பார்த்தால் கரடியை அவர்கள் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று தோன்றும். நாய்க்கு ரோமம் ஒட்டியது போல ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் லட்சக்கணக்கில் விலை.

நிம்ஷ்கேயிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் வெட்டுக்குள் மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, காகிதத்தை அழுத்தி ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வார். அந்தப் படிகள் ஒட்டிய புத்தகம் தப்பிப் பிழைத்து 1965-ல் அச்சாகவும் வந்தது. கையெழுத்தில்லாத எத்தனையோ துப்பாக்கிகள் அவர் வேலைதான் என்று இன்று சொல்ல முடிவது அதனால்தான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இல்லை. பழனி, ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஆயிரம் குடங்களில் எங்கள் ஆட்கள் வெட்டிய பெயர் இருந்திருக்கும்! கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், கல்யாணத் தேதி எல்லாம் இருக்கும். வெட்டியவர் பெயர் மட்டும் இருக்காது. உல்ரிச்சுகள் விவரமானவர்கள். விசைக்குப் பின்னால், சட்டத்தின் வால்பகுதியில், சின்னதாக ஒரு முத்திரை வைத்துவிடுவார்கள்.

படி எடுக்க நான் மை போடுவதில்லை. முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிய தூரிகையால் வெட்டுக்குள் தட்டி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்து வைத்துப் படம் எடுப்பேன். காலை வெளிச்சம் நல்லது. பவுடர் வெட்டின் ஆழத்தை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போய்விடும்.

அந்த வெள்ளைக் கோட்டில்தான் பொய்யும் அகப்படும். இந்தத் தொழிலில் பொய் நிறைய. சாதாரண 1873 ஒன்றை வாங்கி, நேற்று ஒருவரை வைத்துக் கொடி வெட்டி, பத்து மடங்கு விலை சொல்கிறவர்கள் அங்கே தாராளம். என் வழி இது: முதலில் திருகுகளைப் பார்ப்பேன். நல்ல வெட்டு வேலையில் திருகைக் கடைசி வரை முறுக்கி வைத்துவிட்டுத்தான் கொடியை அதன் தலைமேல் ஓட்டியிருப்பார்கள். சட்டத்தில் தொடங்கிய இலை திருகின் தலையில் ஏறி மறுபக்கம் இறங்கும். நூற்றைம்பது வருடத்தில் யாராவது திருகை மாற்றிவிட்டால் இலை துண்டாகிவிடும். அடுத்தது தேய்மானம். குதிரைச் சேணத்தில் உரசி, கையில் பிடித்து, சட்டத்தின் விளிம்பு தேய்ந்திருக்கும். அங்கே வெட்டும் கூடவே தேய்ந்திருக்க வேண்டும். விளிம்பு வழுக்கையாகி, வெட்டு மட்டும் கூர்மையாக இருந்தால் கொடி தேய்மானத்துக்குப் பிறகு வந்தது. சட்டத்தில் துருக்குழி இருந்தால் இன்னும் சுலபம். பழைய வெட்டைத் துரு தின்றிருக்கும். புது வெட்டு குழிக்குள் இறங்கி ஏறியிருக்கும். மரப்பிடியைக் கழற்றிப் பார்க்க விட்டால், உள்ளே மரத்திலும் பின்தகட்டிலும் சட்டத்தின் வாலிலும் ஒரே எண் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

அதற்கும் மேல் கடிதம். வயோமிங்கில் கோடி என்ற ஊரில், பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் என்ற பெரிய அருங்காட்சியகத்துக்குள் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பதிவேடுகள் அங்கேதான். வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், இந்தத் துப்பாக்கி எந்த நாளில் கிடங்குக்கு வந்தது, என்ன மாதிரிக் குழாய், வெட்டு வேலை உண்டா என்று பதிவில் உள்ளதை எழுதித் தருவார்கள். ஹென்றிக்கும் ஆரம்பகால 1866-க்கும் பதிவேடு இல்லை. அங்கே கண்தான் கடிதம்.

2016-ல் ஒரு 1886 மாடல் ஏலத்தில் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது. வரிசை எண் 1. அப்பாச்சிகளின் ஜெரோனிமோவைத் துரத்திப்போன கேப்டன் லாட்டனுக்கு அவருடைய நண்பர் ஆல்பி கொடுத்தது. அதில் கரடியும் இல்லை, எருமையும் இல்லை. கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் வெட்டியிருந்தன, எங்கள் குடத்து வேலை.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அங்கே பலரோடு சண்டை வந்திருக்கிறது. மெருகு. யெல்லோ பாய் பழையதானால் மஞ்சள் போய்விடும். கடுகு எண்ணெய் நிறத்துக்கு வந்து, பிறகு பழுப்பாகி, கொடியின் ஆழத்தில் கறுத்து நிற்கும். அந்தக் கறுப்புதான் கொடியைத் தூக்கிக் காட்டுகிறது. வாங்கியவர் அதைக் கண்டதும் அழுக்கு என்று நினைத்து மெருகுப் பசை போட்டு யந்திரச் சக்கரத்தில் பிடித்துவிடுவார். கண்ணாடி மாதிரி மின்னும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் இலையின் நரம்புகள் போயிருக்கும். நரம்பு வெட்டுதான் எல்லாவற்றிலும் ஆழம் குறைந்தது, மயிரிழை. முதலில் சாவதும் அதுதான். பிறகு மானின் கண். திருகுத் துளையைச் சுற்றி உலோகம் குழிந்து சாஸர் மாதிரி ஆகியிருக்கும். இதைச் சரிசெய்வதாகச் சொல்லி அதே கோட்டின் மேல் இன்னொருவர் உளி ஓட்டுவார். கோடு கூர்மையாகும். ஆனால் அது வேறொருவர் கோடு.

அப்பாவிடம் பழைய குடத்தைக் கொண்டுவந்து, “பேர் மங்கிப்போச்சு, அதுமேலயே மறுபடி வெட்டிக் குடுங்கண்ணே” என்று கேட்கும் பெண்கள் உண்டு. அவர் செய்ய மாட்டார். “அது உங்க ஆத்தா காலத்து வெட்டு தாயி, கிடக்கட்டும். இந்தப் பக்கம் புதுசா வெட்டித் தர்றேன்” என்பார். எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தொழிலில் இருந்துகொண்டு அவர் அப்படிச் சொன்னது எனக்கு அப்போது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கோடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றைப் பார்க்கப் பார்க்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். அங்கே ஒன்றையும் பளபளக்க விடுவதில்லை.

என் சொந்த யெல்லோ பாயும் அப்படித்தான் எனக்குக் கட்டுப்படியான விலைக்கு வந்தது. பிடி உடைந்து கம்பி சுற்றியது. வெட்டியவர் முத்திரை கிடையாது. நிறமோ மாட்டுச் சாணிக்கும் தேனுக்கும் நடுவில். கடைக்காரர் மெருகு போட்டிருந்தால் இரட்டிப்பு கேட்டிருப்பார். ஆனால் வலது பக்கத்துக் கதவுக்கு மேல், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், வெட்டியவர் கொடியை முடிக்க இடம் போதாமல் கடைசி இலையை உள்பக்கமாக மடித்துவிட்டிருக்கிறார். கதவு திறக்கும்போது விளிம்பு இடிக்கும் என்று தெரிந்தவர் கை அது. அந்த மடிந்த இலைக்குள் மூன்று நரம்பு வெட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு முறை சக்கரத்தில் பிடித்திருந்தாலும் அவை இல்லை.

இந்தச் சித்திரத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு மேற்கத்திய எல்லைப்புறத்தைப் பற்றிக் கற்பனை பண்ணுவது தவறு. அவை பெரும்பாலும் பண்ணை முதலாளியின் வரவேற்பறையிலும், 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சி மாதிரியான இடங்களிலும்தான் நின்றன. பிரெய்ரியில் அலைந்தவை மொட்டைத் துப்பாக்கிகள். அவற்றால் என்ன நடந்தது என்பதும் மறைக்கக்கூடியதல்ல. காட்டெருமை மந்தைகள் தீர்ந்ததும் அங்கிருந்த பூர்வகுடிகள் நிலம் இழந்ததும் அந்தப் பத்திருபது ஆண்டுகளில்தான். பூர்வகுடிகளிடமும் இதே துப்பாக்கி இருந்தது. 1876 ஜூன் 25-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் படை வைத்திருந்தது ஒரு தோட்டா மட்டும் போடும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். எதிரே வந்த லகோட்டா, செயென் வீரர்களில் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும். 1983-ல் அந்த மைதானத்தில் புல் தீப்பிடித்து எரிந்தபின் தொல்லியல்காரர்கள் கூடுகளைப் பொறுக்கி ஆராய்ந்து இதை நிறுவினார்கள். பூர்வகுடிகள் கையில் இருந்த ரைஃபிள்களின் மரப்பிடியில் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்து அலங்கரித்திருப்பார்கள். சட்டத்தில் கொடி கிடையாது. என்னைக் கேட்டால் உல்ரிச்சின் எருமைக்கு அடுத்தபடியாக நான் அதிக நேரம் நின்று பார்ப்பது அந்த ஆணி வரிசையைத்தான்.

நம் காட்டிலும் ஒரு வின்செஸ்டர் நடமாடியிருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் புலிகளையும் தேடிப் பென்னாகரம், சேகூர்ப் பக்கமெல்லாம் அலைந்தபோது தூக்கிக்கொண்டு போனது .405 வின்செஸ்டர், 1895 மாடல் நெம்புகோல் ரைஃபிள். இதுவும் பிரௌனிங் செய்ததே. இதில் தோட்டாக் குழாய் கிடையாது, தோட்டா நிற்பது பெட்டியில். கூர்முனைத் தோட்டாவைக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பின்னது முன்னதன் அடியைக் குத்தி வெடிக்கவிடும், அதற்குத்தான் பெட்டி. தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இதே மாடல்தான்.

எங்கள் மாவட்டத் தலைநகர் திண்டுக்கல்லுக்கும் துப்பாக்கிக்கும் உறவு அதைவிடப் பழையது. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக, அதாவது ராணுவ ஆளுநராக, வந்தார். பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து ஆயுதப் பட்டறை போட்டது இங்கேதான். அவர் மகன் திப்புவின் காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த துப்பாக்கிகளில் புலிமுகமும் புலிவரியும் தங்கத்திலும் வெள்ளியிலும் இறங்கின. அவற்றில் பல இன்று இங்கிலாந்தில். பாளையக்காரர்களின் ஆயுதங்கள் ஆங்கிலேயரின் 1801 டிசம்பர் அறிவிப்புக்குப் பிறகு பறிபோயின. அப்படியும் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணில் ஒரு வாள், வல்லயத்தின் முனை, மருந்து இடித்துச் சுடும் ஒரு நாட்டுத் துப்பாக்கியின் குழாய் என்று ஏதாவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நான் துப்பாக்கி பார்க்கிறவன் என்று தெரிந்து சிலர் அழைத்துக் காட்டுவார்கள். போவேன். பெரும்பாலும் எனக்கு முன்னால் புளியும் செங்கல் பொடியும் போயிருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தேய்த்துத் தேய்த்து, வாளின் பிடியில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்று கையால் தடவித்தான் யூகிக்க வேண்டியிருக்கிறது. பட்டறைக்காரர்கள் வெட்டியதை அன்பு மிகுதியால் பேரன்கள் அழித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு விலக்கு தருகிறது. ஆனால் உங்களுடையது அந்த வகையா என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய உரிமப் புத்தகம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். குழாயில் மருந்து கெட்டித்து இருக்கலாம், யாரையும் நோண்ட விடாதீர்கள். இரண்டு, தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பிராஸோ எதுவும் வேண்டாம். காய்ந்த பருத்தித் துணியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரும்பை மட்டும் ஒற்றி எடுங்கள், போதும். காலை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பூஜை அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் மரப்பிடியில் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. வெட்டு வேலையின் மேல் வேண்டாம்.